நிலைத் திசுன்னா நிஜமாவே நிலையா நின்னுடுமா?

கொடிமுல்லை:

எல்லாருக்கும் வணக்கம். தாவரத் திசு பாடம் ரெண்டு வாரமா ஓடிட்டிருக்கு. எளிய திசு மூணு, கூட்டுத் திசு ரெண்டு, பாரன்கைமா கோலன்கைமா ஸ்கிளிரன்கைமா, தண்ணி கடத்துற சைலம், சர்க்கரை கடத்துற புளோயம், எதுக்கு எந்த வேலைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். ஆனா மூணு விஷயம் மண்டைக்குள்ள இறங்கவே மாட்டேங்குது.

முதல்ல, நிலைத் திசு செல் இனிமே பகுப்படையாதுன்னு படிக்கிறோம். அப்போ ஒரு செம்பருத்திக் குச்சிய வெட்டி மண்ணுல நட்டா புதுசா வேர் வருதே, அது எங்கிருந்து வருது? வெட்டுன குச்சியோட அடியில வேர் நுனி ஆக்குத்திசுன்னு, அதாவது பகுப்படைஞ்சு புது செல் தர்ற திசுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதே.

ரெண்டாவது, கோலன்கைமாவும் தாங்கு திசு, ஸ்கிளிரன்கைமாவும் தாங்கு திசு. ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு பேர்?

மூணாவதுதான் ரொம்ப உறுத்துது. சைலக் குழாய் எல்லாம் செத்த செல்னு எழுதியிருக்கு. செத்துப்போன ஒண்ணு எப்படி ஒரு மரத்துக்கே தண்ணி ஏத்தும்? யாராவது பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ்.

இலைநரம்பு:

ரெண்டாவது கேள்விக்கு சிம்பிள் பதில்: கோலன்கைமா உயிருள்ளது, வளையும். ஸ்கிளிரன்கைமா செத்தது, கெட்டி. சணல், பருத்தி, தேங்காய் நார் எல்லாமே ஸ்கிளிரன்கைமா நார்தான். மூணாவதுக்கு, செத்தாலும் குழாய் குழாய்தானே, பைப்புக்கு உயிர் இருக்கா என்ன? முதல் கேள்விய விட்டுடுங்க, விதிவிலக்குன்னு நினைச்சுக்கோங்க. எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க.

செங்காம்பு:

//முதல் கேள்விய விட்டுடுங்க//

தயவு செஞ்சு விட்டுடாதம்மா கொடிமுல்லை, மூணுல அதுதான் நல்ல கேள்வி. நான் பல வருஷமா தாவர உள்ளமைப்பியல் சொல்லித் தர்றவ. வருஷா வருஷம் பிள்ளைங்க பட்டியல மனப்பாடம் பண்ணிட்டு வர்றதைப் பாத்து எனக்கு மனசு கஷ்டமாவே இருக்கும், ஏன்னா இந்தப் பாடத்துல மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்பக் கம்மி. எந்தத் திசு ஸ்லைடு கையில வந்தாலும் முதல்ல செல்சுவரைப் பாரு. எவ்வளவு தடிப்பு, எந்த இடத்துல தடிப்பு, எந்தப் பொருளால தடிப்பு. இந்த மூணும் தெரிஞ்சா அந்தச் செல் என்ன வேலை பாக்குது, உயிரோட இருக்குமா, மறுபடி பகுப்படைய முடியுமா எல்லாத்தையும் நீயே சொல்லிடலாம்.

பாரன்கைமாவுல இருந்து வர்றேன். சுவர் மெலிசு, பெரும்பாலும் செல்லுலோஸ் முதல்நிலைச் சுவர் மட்டும்தான், நடுவுல பெரிய வாக்குவோல் (தண்ணிப் பை), செல்லுக்கும் செல்லுக்கும் இடையில காத்து இடைவெளி. சுவர் மெலிசா இருக்கறதால பொருள் உள்ள வரலாம், வெளிய போகலாம், அதனாலதான் சேமிப்பு, ஒளிச்சேர்க்கை, சுரப்பு, காயத்தை ஆத்தறதுன்னு எல்லா வேலையும் இதுங்க கிட்டயே போகுது. பச்சையம் இருந்தா குளோரன்கைமா, காத்தறை பெருசா இருந்தா ஏரன்கைமா. ஆகாயத்தாமரையோட உப்பின இலைக்காம்பை ஒருக்கா குறுக்க வெட்டிப் பாரு, பஞ்சு மாதிரி முழுக்கக் காத்தறை, அதுதான் செடிய மிதக்க வைக்குது. நெல்லோட வேர்ல இன்னும் ஆச்சரியம், தண்ணி தேங்கி மண்ணுல ஆக்சிஜன் குறையறப்ப புறணியில இருக்கற சில செல்கள் தானாவே செத்து வழி விடுது, அந்த வெற்றிடம் வழியா மேலருந்து காத்து வேர் வரைக்கும் இறங்குது.

பாரன்கைமாவுக்குத் தாங்குற வேலை இல்லைன்னு நினைக்காதே. தண்ணி ஊத்த மறந்த ஒரு இளம் செடி தலை தொங்குதுல்ல, தண்ணி ஊத்துன கொஞ்ச நேரத்துல நிமிருதுல்ல, அது பாரன்கைமா. வாக்குவோல்ல தண்ணி நிறைஞ்சு சுவரை உள்ளருந்து வெளிய தள்ளுற அழுத்தம்தான் மென்மையான தண்டை நிமித்தி வைக்குது. காத்தடிச்ச சைக்கிள் டியூப் மாதிரி.

இப்ப உன் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கோலன்கைமான்னா கிரேக்கத்துல கொல்லா, பசைன்னு அர்த்தம். சுவர்ல தடிப்பு எல்லாப் பக்கமும் சமமா இருக்காது, மூலைகள்ல மட்டும் திரண்டு இருக்கும், இல்ல ரெண்டு எதிர்ச் சுவர்கள்ல மட்டும் இருக்கும், தடிப்புக்குக் காரணம் பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ். லிக்னின் கிடையாது, அது சுவரைக் கட்டை மாதிரி இறுக்கற பொருள். பெக்டின் தண்ணிய நல்லா பிடிச்சு வெச்சுக்கும், அதனால அந்தச் சுவர் இழுத்தா நீளும், அப்புறம் நீண்ட இடத்துலயே நின்னுக்கும். ஒரு இளந்தண்டு தினமும் நீண்டுட்டே இருக்கு, அதே நேரம் காத்துல ஒடியவும் கூடாது. அங்க ஸ்கிளிரன்கைமா வெச்சா என்ன ஆகும்? அது லிக்னின் ஏறி இறுகிப்போன சுவர், நீளவே நீளாது, ஒண்ணு வளர்ச்சிய நிறுத்தும் இல்ல அதுவே கிழியும். அதனால வளர்ற இடத்துக்குக் கோலன்கைமா, வளர்ந்து முடிச்ச இடத்துக்கு ஸ்கிளிரன்கைமா. ரெண்டும் ஒரே வேலை இல்லம்மா, காலம் வேற.

கோலன்கைமா இருக்கற இடத்தப் பாரு, இருவித்திலைத் தண்டுல புறத்தோலுக்கு அடியில, இலைக்காம்புல, நடுநரம்போட முதுகுல. வேர்ல சாதாரணமா இருக்காது, மண்ணே தாங்கிப் பிடிச்சுக்குது. செடிய அடிக்கடி ஆட்டி அசைச்சு வளர்த்தா கோலன்கைமா சுவர் இன்னும் தடிக்கும்னும் சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க, உயிருள்ள தாங்கு திசுவா இருக்கறதால வர்ற வசதி அது.

இலைநரம்பு தம்பி, ஒரு திருத்தம். பருத்தி ஸ்கிளிரன்கைமா இல்ல. அது விதையோட புறத்தோல்ல முளைக்கற முடி, ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல், கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். சணல்தான் ஸ்கிளிரன்கைமா, பட்டைக்குள்ள இருக்கற புளோயம் நார். தேங்காய் நார் கனியோட நடுத்தோல்ல இருந்து வர்றது, அதுவும் லிக்னின் ஏறுன நார்க் கட்டுதான், அதனாலதான் பருத்தி மாதிரி மெத்துன்னு இல்லாம முரட்டுத்தனமா இருக்கு.

இலைநரம்பு:

திருத்தத்துக்கு நன்றி மேடம், பருத்திய நான் இத்தனை நாளும் தப்பாவே வெச்சிருந்தேன். நார் தவிர ஸ்கிளிரைடுன்னு ஒண்ணு வருமே, அதையும் சொல்லிடுங்க.

செங்காம்பு:

நார் நீளமா ஊசி முனையோட இருக்கும், ஸ்கிளிரைடு குட்டையா கண்டபடி வடிவத்துல இருக்கும், சுவர் ரெண்டுலயும் தடிப்பு. பேரிக்காயக் கடிக்கிறப்ப பல்லுல நறநறன்னு மாட்டுதே, அது கல் செல் கூட்டம், ஸ்கிளிரைடுதான். தேங்காய் ஓடு முழுக்க அதுதான். அவரை, பட்டாணி விதையுறைல வெளி அடுக்கு முழுக்கக் குச்சிய அடுக்கி வெச்ச மாதிரி நிக்கும். அல்லி இலைய வெட்டுனா நட்சத்திரம் மாதிரி கிளை விட்ட ஸ்கிளிரைடு காத்தறைகளுக்கு நடுவுல நீட்டிட்டு நிக்கும், முதல் தடவ பாக்கறப்ப சிலந்தி ஏதோ ஸ்லைடுல விழுந்துடுச்சுன்னு தோணும். அல்லியோட அந்தப் பெரிய இலை தண்ணி மேல கிழியாம விரிஞ்சு கிடக்கறதுக்கு இதுங்களும் ஒரு காரணம்.

கல் செல்ல இன்னொண்ணு கவனிக்கணும். சுவர் அடுக்கு அடுக்கா உள்பக்கமா தடிச்சு நடுவுல ஒரு புள்ளி அளவுதான் அறை மிச்சம் இருக்கும், அந்தப் புள்ளியில இருந்து மெல்லிய கால்வாய் மாதிரிக் குழிகள் சுவரைத் துளைச்சு வெளிய போகும். அந்தச் செல் உயிரோட இருந்து சுவரைக் கட்டிட்டிருந்த காலத்துல அடுத்த செல்கிட்ட சாப்பாடு வாங்குன வழி அது. செத்த பிறகும் வழி அப்படியே நிக்குது.

தச்சுப்பலகை:

உங்க பாடம் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க, நான் மர வேலை செய்யறவன், ஆனா செத்த செல்னு பேச்சு வந்ததால சொல்றேன். நாங்க கட்டைய வாங்குறப்ப முதல்ல பாக்கறது வைரம் எவ்வளவு பாஞ்சிருக்குன்னுதான். வெளிப்பக்கம் வெளிறிக் கிடக்கற கட்டைய ஒதுக்கிடுவோம், பூச்சி அடிக்கும், சீக்கிரம் மக்கும். நடுவுல நிறம் இறங்கின வைரக் கட்டைதான் நிலைக்கும், வாசக்காலுக்கும் அதுதான். நீங்க சொல்ற சைலம்ங்கறது இந்தக் கட்டைதானா? அப்படின்னா வெளிக் கட்டைக்கும் வைரத்துக்கும் என்ன வித்தியாசம், ரெண்டுமே செத்ததுதானே?

செங்காம்பு:

அண்ணே, நீங்க கேட்டது கல்லூரிப் பிள்ளைங்களே கேக்கத் தயங்குற கேள்வி.

ஆமா, கட்டைன்னு நீங்க இழைக்கறது முழுக்க சைலம்தான். 1858ல நேகெலின்னு ஒரு விஞ்ஞானி சைலம், புளோயம்னு ரெண்டு பேரையும் வெச்சார், சைலம்ங்கற பேரே மரக்கட்டைங்கற கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது. அதுக்குள்ள நாலு வகை: டிரக்கீடு, சைலக் குழாய், சைலம் நார், சைலம் பாரன்கைமா. இதுல முதல் ரெண்டும் வேலைக்கு வர்றப்பவே செத்திருக்கும், நாரும் பெரும்பாலும் செத்ததுதான், சில மரங்கள்ல மட்டும் நாரும் பல வருஷம் உயிரோட இருந்து ஸ்டார்ச் சேத்து வெச்சுக்கும். சைலம் பாரன்கைமா மட்டும் வேலை பாக்கற காலம் முழுக்க உயிருள்ளது. நீங்க ஒதுக்குற வெளிக் கட்டைல இந்தப் பாரன்கைமா உயிரோட ஸ்டார்ச்சும் சர்க்கரையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, பூச்சிக்கு வேண்டியது அதுதான். வைரத்துல அதுவும் செத்திருக்கும். ஆனா சாகறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணும். குழாய்ச் சுவர்ல இருக்கற குழி வழியா பலூன் மாதிரி குழாய்க்குள்ள புடைச்சு வளந்து அதை அடைச்சிடும், டைலோஸ்னு சொல்லுவோம், எல்லா மரத்துலயும் இது நடக்கறதில்ல, சில மரத்துல பிசினே அடைச்சுக்கும். அடுத்து, கசப்பான ஃபீனால் பொருள், எண்ணெய், சாயப் பொருள் எல்லாத்தையும் தயாரிச்சு சுத்தியிருக்கற சுவர்ல ஊற விடும். நீங்க பாக்கற வைரத்தோட நிறமும் வாசனையும் பூச்சி தொடாத தன்மையும் அதுலதான் வருது. கொடிமுல்லை, இத நல்லாக் கவனி. பழைய கட்டைக்குள்ள பல வருஷம் சும்மா உக்காந்திருந்த ஒரு நிலைத் திசு செல் திடீர்னு மறுபடி வளருது.

நம்ம தொல்காப்பிய மரபியல்லயும் இந்தப் பார்வை இருக்கு. வெளிப்பக்கம் காழ் இருக்கறத புல்லுன்னும் உள்ள காழ் இருக்கறத மரம்னும் பிரிச்சிருக்காங்க, காழ்னா வைரம். பனை, மூங்கில் மாதிரி ஒருவித்திலைல வாஸ்குலார் கற்றைகளும் அதைச் சுத்தின ஸ்கிளிரன்கைமா உறையும் தண்டோட ஓரத்துல நெருக்கமா குவிஞ்சிருக்கும், நடுவு மென்மை. தேக்கு மாதிரி இருவித்திலைல வைரம் நடுவுல. நுண்ணோக்கி இல்லாத காலத்துல வெட்டுக் கட்டையப் பாத்தே சொன்ன பிரிவு, ஒருவித்திலை இருவித்திலைங்கற இன்னைக்குப் பிரிவோட இவ்வளவு பொருந்தி வர்றதப் படிச்சப்ப எனக்குச் சிலிர்த்துச்சு.

தச்சுப்பலகை:

பனையில நடுச் சோத்தை எடுத்துட்டு வெளி வைரத்த மட்டும்தான் சட்டத்துக்கு எடுப்போம். காரணம் இப்பதாம்மா புரியுது. நன்றிங்க.

கொடிமுல்லை:

அக்கா, அப்போ மூணாவது கேள்வி? இலைநரம்பு அண்ணா சொன்ன பைப் உதாரணம் புரியுது, ஆனா பைப்புக்கு மோட்டார் வேணுமே.

செங்காம்பு:

மோட்டார் இலையில இருக்கு, அதுவும் உயிரோட ஆற்றலைச் செலவழிக்கற மோட்டார் இல்ல, வெயில். இலைத்துளை வழியா தண்ணி ஆவியாகுது, இலைக்குள்ள ஈரமா இருக்கற செல்சுவர்ல நீர்ப்பரப்பு வளைஞ்சு இழுவிசை உண்டாகுது, தண்ணி மூலக்கூறு ஒண்ணை ஒண்ணு விடாம பிடிச்சிருக்கறதால அந்த இழுப்பு வேர் வரைக்கும் சங்கிலி மாதிரி இறங்குது. 1894ல டிக்சனும் ஜாலியும் சொன்ன கருத்து இது. கலிஃபோர்னியாவுல இருக்கற ரெட்வுட் மரத்துல 115 மீட்டருக்கு மேல தண்ணி ஏறுறது இப்படித்தான்.

செத்த செல்தான் இந்த வேலைய செய்யுதுங்கறதுக்கு நல்ல சோதனை 1890களில் ஸ்ட்ராஸ்பர்கர் பண்ணினது. உயரமான மரத்தை அடியில வெட்டி, செல்லைக் கொல்ற விஷக் கரைசல்ல நிக்க வெச்சார். கரைசல் தண்டுல இருக்கற உயிருள்ள செல்லையெல்லாம் கொன்னுட்டே மேல ஏறிப் போச்சு, ஏற்றம் நிக்கல, இலைக்குப் போய்ச் சேந்து இலை சாகற வரைக்கும் ஏறிட்டே இருந்துச்சு. தண்டுல உயிர் இல்லாமலேயே தண்ணி ஏறும், இலையில இழுப்பு இருந்தாப் போதும்.

இன்னும் ஒரு படி மேல போய் யோசி. உள்ள சைட்டோபிளாசம், உட்கரு, வாக்குவோல் எல்லாம் இருந்தா தண்ணி ஒவ்வொரு சவ்வா தாண்டிப் போகணும், மரம் வளரவே முடியாது. அதனால அந்தச் செல் தானே திட்டம் போட்டுச் சாகுது. முதல்ல நீளும், அப்புறம் உள்பக்கமா லிக்னின் ஏறுன இரண்டாம்நிலைச் சுவரைக் கட்டும், கட்டி முடிச்சதும் வாக்குவோல் உடையும், அதுல இருந்து வர்ற நொதிகள் உள்ள இருக்கற எல்லாத்தையும் கரைச்சிடும், குழாய் செல்லா இருந்தா முனைச் சுவரும் கரைஞ்சு ஓட்டை விழும். கட்டடம் முடிஞ்சதும் சாரத்தைப் பிரிச்சு எடுக்கறோம் இல்லையா, அது மாதிரிம்மா. சாகறதுதான் அந்தச் செல்லோட கடைசி வேலை.

சுவர் ஏன் அவ்வளவு கெட்டின்னா, உள்ள இருக்கற தண்ணி தள்ளப்படலை, இழுக்கப்படுது. மெலிசான ஸ்ட்ரால பலமா உறிஞ்சினா ஸ்ட்ரா உள்ள ஒட்டிக்குதுல்ல, அந்த ஆபத்து. அதுக்காகத்தான் லிக்னின். முதல்ல உருவாகுற புரோட்டோசைலத்துல தடிப்பு வளையம் வளையமாவும் சுருள் சுருளாவும் இருக்கும், வேக்குவம் கிளீனர் ஹோஸ்ல உள்ள கம்பிச் சுருள் இருக்குமே அதேதான், ஒட்டிக்கவும் செய்யாது, சுத்தியிருக்கற தண்டு நீண்டா கூடவே இழுபடவும் செய்யும். பின்னால வர்ற மெட்டாசைலம் நீள வேண்டியதில்ல, அதனால சுவர் முழுக்கத் தடிச்சு குழி மட்டும் விட்டு வெச்சிருக்கும். மறுபடி பாரு, கோலன்கைமாவுக்கும் ஸ்கிளிரன்கைமாவுக்கும் இருந்த அதே காலக் கணக்கு.

டிரக்கீடும் குழாயும் ஏன் ரெண்டுன்னு அடுத்து கேப்பேன்னு தெரியும். குழாயோட ஆரம் 2 மடங்கானா அதே இழுப்புல தண்ணி ஓட்டம் 16 மடங்கு ஆகும், அதனால அகலமான குழாய் ரொம்ப லாபம். ஆனா வறட்சியிலயோ பனியிலயோ காத்துக் குமிழ் புகுந்துட்டா அந்தக் குழாய் முழுக்க வேலை நின்னுடும். டிரக்கீடு குறுகலானது, முனை மூடினது, தண்ணி பக்கக் குழி வழியா மெதுவாத்தான் போகும், ஆனா குமிழ் ஒரு செல்லோட நின்னுக்கும். பைன் மாதிரி ஜிம்னோஸ்பெர்ம் மரங்கள் டிரக்கீடை மட்டும் வெச்சே அவ்வளவு உயரம் வளருது, நீட்டம் மாதிரி சிலதுலதான் குழாயும் உண்டு. ஆஞ்சியோஸ்பெர்ம்ல பெரும்பாலும் ரெண்டும் இருக்கும்.

இலைநரம்பு:

மேடம், சைலம் சாகறது நியாயம்னு ஒத்துக்கறேன். ஆனா புளோயத்துல சல்லடைக் குழாய் உயிரோட இருக்குன்னு சொல்றாங்க, அதுல உட்கரு கிடையாது. உட்கரு இல்லாம உயிரோடன்னு எப்படிச் சொல்றது? எனக்கு இது பாதி செத்ததுன்னுதான் தோணுது.

செங்காம்பு:

பாதி செத்ததுன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. சைலத்துல இழுப்பு, இங்க தள்ளு. இலையில சர்க்கரைய உள்ள ஏத்துறதால சவ்வூடு பரவல்ல தண்ணி உள்ள வந்து அழுத்தம் ஏறும், கார் டயர்ல இருக்கற காத்தழுத்தத்த விடப் பல மடங்கு இருக்கும், சர்க்கரை இறங்குற இடத்துல அழுத்தம் குறையும், அந்த வித்தியாசத்துல சாறு மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்துல நகரும். 1930ல முன்ச் சொன்ன கருத்து. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கணும்னா முழுசான செல் சவ்வு வேணும், சவ்வு வேணும்னா உயிர் வேணும். ஆனா வழியும் அடைபடக் கூடாது. அதனால சல்லடைக் குழாய் உட்கருவையும் வாக்குவோலையும் ரைபோசோமையும் விட்டுட்டு, சவ்வையும் ஓரமா கொஞ்சம் சைட்டோபிளாசத்தையும் மட்டும் வெச்சுக்குது. வேணும்கற புரதத்தை ஒட்டியே இருக்கற துணை செல் தயாரிச்சு செல்சுவர்ல இருக்கற பிளாஸ்மோடெஸ்மாங்கற நுண்துளை வழியா அனுப்புது. ரெண்டும் ஒரே தாய் செல்லு பிரிஞ்சு வந்த சகோதரிங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணும் போயிடும்.

உயிர் இல்லைன்னு நினைக்கறவங்களுக்குப் பனையையும் தென்னையையும் காட்டுவேன். தேக்குல கட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல இருக்கற கேம்பியம்ங்கற பகுப்படையற அடுக்கு வருஷா வருஷம் புது புளோயம் போட்டுக் கொடுக்கும், பழசு நசுங்கிப் பட்டையோட போயிடும். பனைக்கு அந்த மாதிரி கேம்பியம் இல்ல. அதோட தண்டு அடியில இருக்கற சல்லடைக் குழாய் மரம் இளசா இருந்தப்ப உருவானது, மரம் நிக்கற வரைக்கும் அதேதான் வேலை பாக்கணும். நூறு வருஷப் பனையில உட்கரு இல்லாத செல் நூறு வருஷமா உயிரோட சர்க்கரை கடத்திட்டிருக்கு. பாதி செத்ததுன்னு சொல்ல மனசு வருதா?

இலைநரம்பு:

வரல மேடம். என் வார்த்தைய வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு பனை மரத்தை இனிமே வேற மாதிரிதான் பாப்பேன்.

பதியன்காரன்:

தோழர்களே, இத்தனை நேரம் படிச்சிட்டே இருந்தேன். முதல் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல, நான் கையில செஞ்சத சொல்றேன். விண்பதியம் போடறப்ப கிளையில ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டைய வளையமா உரிச்சிடுவோம். உரிச்சா கட்டை வெள்ளையா வழவழன்னு தெரியும், அதுல ஒரு வழுவழுப்பு ஒட்டியிருக்கும், அதையும் கத்தி முதுகால நல்லா சுரண்டிடணும், இல்லைன்னா பட்டை மறுபடி சேந்துக்கும். அப்புறம் ஈரத் தென்னை நார்க் கழிவு வெச்சு பிளாஸ்டிக் தாள் சுத்திக் கட்டிடுவோம். ஒரு மாசம் கழிச்சுப் பிரிச்சா வளையத்தோட மேல் விளிம்பு உதடு மாதிரி தடிச்சிருக்கும், அதுல வெளிர் நிறத்துல கரடுமுரடா சதை வந்திருக்கும், அந்தச் சதைக்குள்ள இருந்து வெள்ளை வேர் முட்டிட்டு வரும். கீழ் விளிம்புல ஒண்ணுமே இருக்காது. மேல இருக்கற இலை மட்டும் வாடவே வாடாது. இது ஏன்னு இந்த இழையப் படிச்சப்பதான் கோர்வையா புரியுது: பட்டையோட புளோயம் போயிடுச்சு, மேலருந்து வர்ற சர்க்கரை கீழ போக வழியில்லாம விளிம்புல தேங்குது, கட்டைல இருக்கற சைலம் அப்படியே இருக்கறதால இலைக்குத் தண்ணி தடையில்லாம போகுது.

செங்காம்பு:

அருமையா சொன்னீங்க. பட்டைய வளையமா உரிச்சா மேல் விளிம்பு தடிக்கும்ங்கறதை 17ம் நூற்றாண்டுலயே மால்பீகி பாத்து வரைஞ்சு வெச்சிருக்கார். நீங்க சுரண்டி எடுக்கற வழுவழுப்புதான் கேம்பியம். தேங்கறது சர்க்கரை மட்டும் இல்ல, நுனியில இருந்து கீழ இறங்குற ஆக்சின்ங்கற ஹார்மோனும் அங்க தேங்குது, வேர் விடச் சொல்றது அதுதான்.

இப்ப கொடிமுல்லையோட முதல் கேள்வி. பல பாடநூல்கள்ல வரையறை எப்படி இருக்கும் தெரியுமா, "பகுப்படையும் திறனை முழுமையாகவோ தற்காலிகமாகவோ இழந்த செல்கள்". அந்தத் தற்காலிகமாகவோங்கற வார்த்தைய யாருமே படிக்கறதில்ல, வகுப்புலயும் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம். லிக்னின் ஏறி உள்ள காலியான செல் முழுசா இழந்தது, திரும்பி வரவே வராது. மெலிசான சுவரும் உட்கருவும் இருக்கற பாரன்கைமா தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கறது, காயம் பட்டு ஹார்மோன் மாறுனா மறுபடி பகுப்படைய ஆரம்பிக்கும். கோலன்கைமாவும் உயிருள்ளது, அதுக்கும் ஓரளவு முடியும். வெட்டுன குச்சியில வேர் வர்றது கேம்பியத்துல இருந்தும் அதை ஒட்டியிருக்கற புளோயம் பாரன்கைமா, கதிர் பாரன்கைமால இருந்தும்தான்.

இது எவ்வளவு தூரம் போகும்னா, 1958ல ஸ்டீவர்டும் அவர் குழுவும் கேரட் வேரோட புளோயத்துல இருந்து எடுத்த துண்டுகளை வளர்த்து, அதுல இருந்து முழு கேரட் செடியே கொண்டுவந்தாங்க. சேமிப்பு வேலை பாத்திட்டிருந்த செல்லுல இருந்து இலை, பூ எல்லாம். 1980ல ஜப்பான்ல ஃபுகுடாவும் கோமமினும் ஜின்னியா இலையோட இலையிடைச் செல்களைப் பிரிச்சு ஆக்சினும் சைட்டோகைனின்ங்கற இன்னொரு ஹார்மோனும் இருக்கற திரவத்துல போட்டாங்க, பச்சையத்தோட ஒளிச்சேர்க்கை பண்ணிட்டிருந்த செல் மூணு நாலு நாள்ல சுவர்ல வளையத் தடிப்பு போட்டு, உள்ள இருக்கறத கரைச்சு, சைலச் செல்லா மாறி செத்துப் போச்சு. அதுல பல செல் பகுப்படையாமலேயே மாறுச்சு. குளோரன்கைமால இருந்து சைலம்! இதைப் படிச்ச பிறகு "நிலை"ங்கற சொல்லை நான் எப்பவும் ஒரு தயக்கத்தோடதான் கரும்பலகைல எழுதறேன்.

இலைநரம்பு:

அப்போ பாரன்கைமா பின்னோக்கிப் போய் ஆக்குத்திசுவா மாறிடுதுன்னு எழுதலாமா?

செங்காம்பு:

பரீட்சைக்கு எழுதலாம், டிடிஃபெரன்சியேஷன்னு அதுக்குப் பேரு. ஆனா 2010ல அரபிடாப்சிஸ் செடியில பாத்தப்ப, வித்திலைல இருந்து எடுத்தாலும் இதழ்ல இருந்து எடுத்தாலும் சோதனைக்கூடத்துல வர்ற கேலஸ்ங்கற செல் திரள் பக்க வேர் உருவாகுற பாதையிலதான் போகுதுன்னு தெரிஞ்சது. ஒண்ணுமில்லாத வெறும் செல்லா திரும்பிப் போகல, வேர் நுனி மாதிரியான ஒரு நிலைக்குப் போகுது. அதனால பின்னோக்கிங்கற சொல் முழுப் பொருத்தம் இல்லைங்கறது என் கருத்து.

கொடிமுல்லை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சும்மா படிச்சிட்டுப் போக மனசு வரல, அதனால மூணு வாரம் முன்னாடி நட்டு வெச்சிருந்த செம்பருத்திக் குச்சி ஒண்ணைப் பிடுங்கினேன். அடி வெட்டுல வெள்ளையா சோளப்பொரி மாதிரி சதை, அதுக்குக் கொஞ்சம் மேல பட்டை வெடிச்சு மூணு வேர். வேர் வர்ற இடத்துல புது பிளேடால குறுக்க மெலிசா வெட்டி, தண்ணில மிதக்க விட்டு, கண்ணாடி மாதிரி தெரியற துண்டை மட்டும் பிரஷ்ல எடுத்து சாஃப்ரனின் (லிக்னின் ஏறுன சுவரைச் சிவப்பாக்குற சாயம்) போட்டுக் கழுவி பள்ளி மைக்ராஸ்கோப்ல வெச்சேன். நடுவுல கட்டை முழுக்க சிவப்பு. பட்டைக்குள்ள திட்டுத் திட்டா சிவப்பு, அது புளோயம் நார்னு நினைக்கறேன். அந்த ரெண்டு சிவப்புக்கும் நடுவுல இருக்கற மெலிசான நிறமில்லாத இடத்துல இருந்துதான் வேர் கிளம்பி, பட்டையைப் பிளந்துட்டு வெளிய வருது. சிவப்பான எந்தச் செல்லுல இருந்தும் வேர் வரல. கை நடுங்கிடுச்சுக்கா.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு, அது கேம்பியத்துல இருந்து வந்துச்சா புளோயம் பாரன்கைமால இருந்து வந்துச்சான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல.

செங்காம்பு:

மூணு வாரம் ஆன வேர்ல அதைச் சொல்லவே முடியாதும்மா, நான் பாத்தாலும் முடியாது. முதல் செல் பகுப்படையறப்பவே பிடிக்கணும். புதுக் குச்சி நட்டு, முதல் வாரத்துல தினமும் ஒண்ணு எடுத்து வெட்டு. சின்ன சின்ன செல்லா, அடர்த்தியா சாயம் ஏறுன ஒரு கூட்டம் எங்க முதல்ல தெரியுதுன்னு பாரு. சாஃப்ரனினோட ஃபாஸ்ட் கிரீனும் போட்டா லிக்னின் இல்லாத சுவர் பச்சையா பிரிஞ்சு தெரியும்.

கொடிமுல்லை:

சரிக்கா. இன்னைக்கு சாயங்காலமே பதினஞ்சு குச்சி நட்டுட்டேன், தேதி எழுதி ஒட்டியிருக்கேன். நாளைக்கு முதல் குச்சி. வரைஞ்சு இங்கயே போடறேன்.